பழைய படம்

ஜெயக்குமார் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆரணியில் வந்திறங்கினான், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே. பட்டுக்கடை முதலாளி ஜெகநாதனுக்கு இணையதளம் கட்டிக் கொடுத்த மேதாவி அவன். கல்யாணப் புடவை நெய்வதை வாடிக்கையாளர்கள் போனிலேயே பார்க்கலாம். தறிக்கு மேலே கேமரா. அது படுத்துவிட்டால்? சர்வர் தான் சேமித்து வைத்திருக்கும் கடைசிப் படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி யார் கண்ணிலும் படக் கூடாது என்பது இந்த மேதாவி அய்யாவின் கொள்கை.

கேமரா படுத்த அன்றுதான் நெசவாளர் கமலக்கண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறிக்குழிக்குள் சரிந்தார். உயிரோடு இரண்டு நாள் கிடந்தாராம்.

அவர் மனைவி பூங்காவனம் தறிக்கூடத்தைத் திறந்துவிட்டாள். "போளூர்ல மக வீட்லேந்து போன்ல பாத்துகினேதாங்க இருந்தேன். குந்திகினு நெய்துகினு இருந்தாரு."

"அது பழைய படம்மா."

"பழசுன்னு அதுல எழுதியிருக்கலாமில்ல?"

படிக்காத பொம்பளைக்கு என்ன தெரியும் என்று உதட்டைப் பிதுக்கினான். தெரிந்தது அவளுக்குத்தான். அந்த மரமண்டைக்குத்தான் உறைக்கவில்லை.

"நாளைக்குக் காரியம். அந்தப் படத்த எடுத்துடுங்க. போவும்போது சாவிய முதலாளிகிட்ட குடுத்துடுங்க. செருப்ப வெளிய வுடுங்க, உள்ள தறி இருக்குது."

அவள் போனதும் ஷூவோடு உள்ளே போனான். கஞ்சி வாடை. அதற்கு அடியில் வேறொரு புளித்த வாடை. நெசவாளரின் பலகையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, பாதி நெய்த புடவைமேல் லேப்டாப்பை வைத்தான்.

சேமித்த படத்தை அழித்தான். பக்கத்தைத் திறந்தான்.

கமலக்கண்ணனின் முதுகு.

மறுபடி அழித்தான். மறுபடி அதே முதுகு. ஆனால் படத்தில் புடவை நாலு விரற்கடை வளர்ந்திருந்தது.

கேமராவின் ஒயர் சுவரில் அறுந்து தொங்கியது.

டக்.

தறியில் நூலோடும் நாடா தானே ஒருதரம் குறுக்கே ஓடியது.

குழிக்குள்ளிருந்து சில்லென்ற இரண்டு கைகள் அவன் கணுக்காலைப் பற்றின.

"அம்மா! யாராவது வாங்க!"

போனில் ஜெகநாதனின் குரல்பதிவு வந்து விழுந்தது. "பாத்துகினேதான் இருக்கேன் தம்பி. குந்திகினு வேலை செய்றீங்க. பேஷ்! நான் தொந்தரவு பண்ணல, நிதானமா முடிங்க."

திரையில் கமலக்கண்ணன் இல்லை. ஜெயக்குமாரின் முதுகு இருந்தது, ஆடாமல் அசையாமல்.

அவனோ இடுப்புவரை குழிக்குள் போயிருந்தான்.

அடுத்த இரண்டு நாளும் எல்லோரும் போனில் பார்த்தார்கள், தம்பி மும்முரமாக வேலை செய்வதை. பிழைச் செய்தி யார் கண்ணிலும் படவில்லை.