சாம்பிராணிக்குக் கத்தாத கருவி

சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்புறத்தில் இருந்தது. உட்புறத்தில் ஒன்றும் இல்லை. மணமாகி வந்த முதல் நாளே காவேரி அதைக் கவனித்துக் காரணம் கேட்டாள். “பூனை பூந்துடுதும்மா” என்றாள் மாமியார் பாப்பம்மாள். ஓராண்டு கழிந்துவிட்டது. அந்த வீட்டில் காவேரி இன்றுவரை ஒரு பூனையைக்கூடப் பார்த்ததில்லை.

ஒரகடத்துக்கு அருகே, கல் லாரிகள் உறுமிச் செல்லும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்தது அந்த ஓட்டு வீடு. ராஜசேகருக்கு அவள் இரண்டாந்தாரம். முதல் மனைவி மீனம்மாள் அந்தச் சமையலறையில்தான், தன் சீர்வரிசை அடுப்பு வெடித்து இறந்தாள் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்கள். சுமங்கலியாகப் போனவள் என்பதால் அவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக்கி, மஞ்சள் பூசிய பானைக்குள் புதுப்புடவை ஒன்றை மடித்து வைத்து, அவள் எரிந்த மூலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். வெள்ளிதோறும் அந்தப் பானைக்குச் சாம்பிராணி காட்டுவது காவேரியின் கடமை.

ஒரு நாள் குன்றத்தூரிலிருந்து அண்ணன் செந்தமிழன் வந்தான். ஆலைகளுக்குத் தீயணைப்புச் சாதனங்கள் பொருத்தித் தரும் நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவன். பையிலிருந்து தட்டையான இரண்டு வெள்ளைப் பெட்டிகளை எடுத்துத் தரையில் வைத்தான்.

“ஃபேக்டரிக்கெல்லாம் இதத்தான் மாட்றோம். புகை வந்தா கத்தும். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்க, காவேரி. இது திகுதிகுன்னு எரியற நெருப்புக்கு. இது உள்ளாறயே புகைஞ்சிகினு கீற நெருப்புக்கு.”

பாப்பம்மாள் சிரித்தாள். “எங்க வூட்ல இன்னா நெருப்பு கீதுன்னு இத தூக்கிகினு வந்த? உந்தங்கச்சி சமைக்கிற லட்சணத்துக்கு அடுப்பே ஒயுங்கா எரியறதில்ல.”

அண்ணன் சிரிக்கவில்லை. “ஏற்கெனவே ஒரு தபா நடந்துச்சே, அத்தே.”

பாப்பம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

காவேரி இரண்டாவது பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள். எரிகிற நெருப்பைக் கண்ணே கண்டுகொள்ளும். புகைகிற நெருப்பைத்தான் கண்டுபிடிக்க முடிவதில்லை. வயிற்றில் இன்னும் ஒரு புழு பூச்சி இல்லையே என்று மாமியார் நாளும் குத்திக் காட்டுவதையும், சென்ற மாதம் உறவுக்காரி ஒருத்தி வேறொரு பெண்ணின் புகைப்படத்தை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்ததையும் அவள் அண்ணனிடம் சொல்லவில்லை.

கூடத்தில், சமையலறைக் கதவுக்கு நேர்மேலே அண்ணன் கருவியைப் பொருத்தினான். சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது வீறிட்ட வீறலில், எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு முறமும் கையுமாக ஓடிவந்தாள்.

“ஒண்ணுமில்லக்கா. சாம்பிராணி போட்டாகூட இது கத்தும். பயந்துகினு ஓடியாராதீங்க” என்றான் அண்ணன்.

அந்த வெள்ளிக்கிழமை காவேரி தூபக்கால் நிறையச் சாம்பிராணியிட்டாள். கூடமே வெளுத்துப்போகும்படி எழுந்த புகை, உத்தரத்தைத் தடவி, கருவியைச் சுற்றி மெல்லச் சுழன்று, வழி தேடி அலைந்து, ஓட்டின் இடுக்குகளில் கசிந்து வெளியேறியது. கருவி முனகக்கூட இல்லை.

மறுநாள் நண்பகலில் கத்தியது. அடுப்பு எரியவில்லை, ஊதுவத்தியும் இல்லை. இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த ராஜசேகரும் அவன் தாயும் சமையலறை வாசலில் நின்று தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விலகியதும் ஓசை நின்றது. அப்போது காவேரியின் மூக்கை ஒரு வாடை எட்டியது: மண்ணெண்ணெய்; அதனடியில் பொசுங்கிய மயிர்; அதற்கும் அடியில், அப்போதுதான் தொடுத்ததுபோல் மல்லிகை.

அதன்பின் தாயும் மகனும் சேர்ந்து அந்த வாசலில் நின்றபோதெல்லாம் அது கத்தியது. முதலில் தெருவே கூடியது. பிறகு சின்னப்பொண்ணு மட்டும் எட்டிப்பார்த்தாள். பிறகு அவளும் வரவில்லை. “இன்னா காவேரி, இன்னிக்கும் சாம்பிராணியா? மூத்தாளுக்கு மூச்சு முட்டப்போவுதுடி!” என்று குழாயடியில் கேலி பேசினாள்.

எரிச்சல் தாளாமல் ராஜசேகர் ஒரு நாள் மின்கலத்தைப் பிடுங்கி எறிந்தான். சில நாள் வீடு ஓய்ந்திருந்தது. பிறகு அவனே புதிய மின்கலம் ஒன்றை வாங்கி வந்து, முக்காலியில் ஏறி, பொறுமையாகப் பொருத்திப் பொத்தானை அழுத்தினான். அழுத்திய விரலை எடுக்காமல், திறந்திருந்த வாசல் வழியே தெருவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். ஒருவரும் வரவில்லை.

“நல்ல மெஷினுதான்” என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, திரி அடுப்பு பழுதாகிவிட்டதென்று பாப்பம்மாள் பரணிலிருந்து பித்தளைப் பம்பு அடுப்பு ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். “புளி போட்டுத் தேய்ச்சி வை. சாயங்காலம் இதுலதான் சமையல்.”

காவேரி கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்தாள். களிம்பு விலக விலக, எண்ணெய்த் தொட்டியின் வளைவில், புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்துகள் தெளிந்தன. சீர்வரிசைப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டுவது வழக்கந்தானே.

மீனம்மாள்.

வெடித்த அடுப்பு. விரல்களால் தடவினாள். நசுங்கல் இல்லை. விரிசல் இல்லை. ஒட்டுப்போட்ட தடமும் இல்லை. பெண்ணைக் கொளுத்த மனம் வந்தவர்களுக்குப் பித்தளையைத் தூக்கியெறிய மனம் வரவில்லை.

இப்போதே கிளம்ப வேண்டும். அண்ணனிடம் காட்ட வேண்டும். அடுப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பேருந்துக் காசு சமையலறையில், கடுகு டப்பாவில் இருந்தது. ஓசையின்றி உள்ளே போனாள். டப்பாவைத் திறந்தாள்.

பின்னால் கதவு சாத்தப்பட்டது.

தாழ்ப்பாள் விழுந்தது.

கருவி கத்தத் தொடங்கியது.

கதவடியிலிருந்து ஈரம் பரவி வந்தது. பாதத்தில் சில்லென்றது. மண்ணெண்ணெய். கதவை இடித்தாள். அசையவில்லை. அடுப்பு மேடைமீது ஏறினாள். சுவரின் உச்சியில் கையகலக் காற்றுத்துளை. எதிர்வீட்டு வாசல் தெரிந்தது. அங்கே சின்னப்பொண்ணு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! சின்னப்பொண்ணக்கா!”

சின்னப்பொண்ணு தலை நிமிர்ந்தாள்.

“ஒண்ணுமில்லடி!” தெருவாசலிலிருந்து பாப்பம்மாளின் குரல். “வெள்ளிக்கெயம இல்ல? சாம்பிராணி!”

சின்னப்பொண்ணு சிரித்தாள். ஒரு காதைப் பொத்திக் காட்டினாள். குனிந்துகொண்டாள்.

தீக்குச்சி உரசும் ஓசை.

மூலையில் பானை கவிழ்ந்து கிடந்தது. புடவை அதில் இல்லை. அந்தப் புடவையை உடுத்தி, காவேரியின் தோளோடு தோள் உரச, மேடைமீது ஒருத்தி நின்றிருந்தாள். தலை நிறைய மல்லிகை. கருகிய விரல்களால் துளையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, அவளும் அதே வாசலைப் பார்த்துக் கத்தினாள். ஏற்கெனவே கத்திப் பழகிய வாய். இரண்டு பெண்களும் சேர்ந்து கத்தினார்கள்.

வெளியே கருவியின் ஓசை மட்டுமே கேட்டது. சின்னப்பொண்ணு அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.