பைக்குள் ஒரு தெரு

கடைக்குள் நுழைந்ததும் வாலு வாயைப் பிளந்தாள். சங்கிலியில் கன்னங்கரேலென்று, குத்திப் பழகும் ஒரு பஞ்சிங் பேக் தொங்கியது. அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உச்சி தெரிந்தது.

கராத்தே வகுப்பில் இருப்பதோ ஒரே ஒரு பை. அவள் முறை வருவதற்குள் வகுப்பே முடிந்துவிடும். அதனால்தான் வீட்டுக்கு ஒன்று வாங்க வந்திருந்தார்கள்.

“சின்னதா ஒண்ணு எடுத்துக்கலாமே?” என்றார் அப்பா.

“இதே அளவுதான் வேணும்ப்பா!”

கடைக்காரர் அதே அளவுப் பையை மடித்துக் கட்டிய பொட்டலமாக நீட்டினார். அப்பா அதை ஒற்றைக் கையில் தூக்கினார்.

“பாத்தியா அப்பா பலத்தை?” என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வீட்டில் பிரித்தால், உள்ளே வெறும் உறைதான் இருந்தது! அப்பா அவசரமாகக் கடைக்குப் போன் செய்தார்.

“அது காலிப் பை சார். பழைய துணியை இறுக்கி அடைச்சுக்கணும். மண்ணைக் கொட்டிடாதீங்க, பாப்பா கை போயிடும்.”

அம்மா பீரோவையே கவிழ்த்துப் பார்த்தார். இருந்த பழைய துணியெல்லாம் போட்டும் வாலுவின் முழங்கால் உயரம்கூட வரவில்லை.

“திருப்பிக் குடுத்துட்டு சின்னதா வாங்கிடலாமா?” என்றார் அப்பா.

வாலுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டாள். ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

“அத்தை, பழைய துணி இருந்தா குடுங்களேன். நான் குத்தணும்!”

எதிர்வீட்டு அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இரண்டு போர்வைகளைக் கொடுத்தார். தையல்கார அக்கா ஒரு மூட்டை நிறைய வெட்டுத்துணி தந்தார். கண்டக்டர் மாமா பழைய சீருடைகளை அள்ளிக் கொடுத்தார்.

“எங்க மேனேஜரை நெனச்சு நாலு குத்து சேத்து விடு கண்ணு!”

கடைசி வீட்டுச் சின்னப் பையன் மட்டும் ஒரு யானைப் படச் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“விடுடா, அது உனக்குப் பத்தாது!” என்று அவன் அம்மா இழுத்தார். அவன் உதடு பிதுங்கியது.

பை நிறைய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஆனாலும் வாலு தலையை ஆட்டினாள். “வேணாம் ஆன்ட்டி. யானையைப் போய் யாராவது குத்துவாங்களா?”

பையன் உள்ளே ஓடினான். தன் தலையணையோடு திரும்பி வந்தான்.

“இதைக் குத்திக்கோக்கா. இது ரொம்பக் கல்லு மாதிரி இருக்கு.”

மாலையில் அப்பாவும் கண்டக்டர் மாமாவும் மூச்சு வாங்க அந்தப் பையைத் தூக்கி, வாசல் கொட்டகையின் இரும்பு உத்தரத்தில் மாட்டினார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

வாலு அண்ணாந்து பார்த்தாள். எத்தனை பேர் உடுத்தியது, எத்தனை பேர் போர்த்தித் தூங்கியது! எல்லாம் இதற்குள்ளேயா?

“குத்து கண்ணு!” என்றார் மாமா.

அவள் முஷ்டியை உயர்த்தினாள். உடனே இறக்கிவிட்டாள். கால்களைச் சேர்த்து நின்று, போட்டிக்கு முன் எதிராளியை வணங்குவதுபோல, அந்தப் பையைக் குனிந்து வணங்கினாள்.

பிறகு முழுப் பலத்தோடு ஒரு குத்து விட்டாள்.

தொம்!

அவளைவிட எவ்வளவோ பெரிய அந்தப் பை, மெல்ல, மிக மெல்ல ஆடியது.

“அசைஞ்சிடுச்சு!” என்றாள் வாலு, தன் கையையே நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு.