தும்பியின் சாப்பாட்டு நேரம்

காலை ஒன்பதரை மணிக்கு ஜெபமணி மிஸ் வருகை எடுத்தார். பதினெட்டுப் பெண்களும் "உள்ளேன் மிஸ்" என்றார்கள். பிறகு அவர் தலையை நிமிர்த்தி, பெண்களின் உச்சந்தலைக்கு அரை அடி மேலே பறந்துகொண்டிருந்த தும்பிகளை எண்ணினார். பதினேழுதான் இருந்தன.

"யாரு தும்பி வரல?"

"என்னோடது ஜன்னல்ல முட்டிக்கிட்டு நிக்கு, மிஸ்" என்றாள் ஆமினா.

ஜன்னலைத் திறந்து அதை உள்ளே விட்டபிறகுதான் பாடம் தொடங்கியது. தும்பி வராத பெண்ணுக்கு வகுப்பு கிடையாது.

கடையநல்லூர்ப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்கான எண்ணிமப் பயிற்சிக் கூடம் அது. நான்கு மாதப் பயிற்சி முடித்தவள் தொலைக்கை உறையை மாட்டிக்கொண்டு, இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிலவுச் சுரங்கத்தில் பாறை புரட்டலாம். கை நிலவுவரை நீளும். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குத் தும்பி இல்லாமல் போக முடியாது.

"பொம்பளப் பிள்ளைகள எத நம்பி அனுப்ப?" என்று பெற்றவர்கள் கேட்டபோது, பயிற்சி நிறுவனம் கொடுத்த பதில்தான் தும்பி. விரல் நீளம், நான்கு சிறகுகள், ஒரு கண், ஒரு காது. பார்த்ததையும் கேட்டதையும் எங்கோ இருக்கும் எந்திர மூளைக்கு அது அனுப்பும். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு நடத்தைச் சீட்டு வந்துவிடும். 'மனிதக் கண் படாத கண்காணிப்பு' என்பது விளம்பரம். அந்த ஒரு வரிக்காகத்தான் ஊர் சம்மதித்தது.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தியான உலகம்மாளுக்கு அந்த மாதம் சீட்டில் ஏற்கனவே ஒரு 'சந்தேகம்' விழுந்திருந்தது. மூன்று விழுந்தால் படிப்பு நிற்கும் என்று அவள் அப்பா கோமதிநாயகம் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இரண்டாவதும் வந்தது. சீட்டை அவரே உரக்கப் படித்தார்.

"'ஏசி சரிபார்க்க வந்த ஆண் முன்னிலையில் தேவைக்கு மேல் சிரிப்பு. சந்தேகம்.' என்னட்டி இது?"

"எப்பா, அவன் ஏணியில இருந்து வழுக்கி வாளிக்குள்ள கால விட்டுட்டான். எல்லாருந்தான் சிரிச்சோம்."

"எல்லாருக்குமா சீட்டு வந்திருக்கு?"

"தேவைக்கு மேலன்னா எவ்வளவு? அளந்து சிரிக்க முடியுமாப்பா?"

"எங்கிட்ட கேக்காத. எந்திரத்துக்கு உம்மேல என்ன பகை? கண்டதச் சொல்லுது."

அந்தக் கேள்விதான் உலகம்மாளைத் தூங்கவிடவில்லை. பகை இல்லாத எந்திரம் எதற்கு இப்படி எழுதுகிறது? அவள் படித்தவரை, எந்திரம் சிரிப்பை நொடிக்கணக்கில் சொல்லும். இது யாரோ உதட்டைச் சுழித்துச் சொன்னதுபோல் இருந்தது.

மறுநாள் தோழிகள் பதினேழு பேரிடமும் பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கினாள். வகுப்பில் கற்றபடி எல்லாவற்றையும் நேரவாரியாக அடுக்கிப் பார்த்தாள். ஒரு மணியிலிருந்து ஒன்றரைவரை, எந்த நாளிலும், யாருக்கும் ஒரு சந்தேகம்கூட விழுந்திருக்கவில்லை.

"அந்நேரம் நாம சோறு திங்கோம்லா, அதான்" என்றாள் ஆமினா.

"நாம திங்கது பன்னண்டரைக்கு. ஒரு மணிக்கு வாசல்ல நின்னு அரட்டை அடிப்போம்." உலகம்மாள் குரலைத் தாழ்த்தி, தலைக்குமேல் பறந்த தும்பியைக் காட்டினாள். "அந்நேரம் சோறு திங்கது இதுட்டி!"

சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான். தோற்றால் மூன்றாவது சந்தேகம். ஒன்று பத்துக்குக் கூடத்து வாசலில் சர்பத் வண்டிக்காரனிடம் இரண்டு பேரும் போய் நின்று, அவன் சொன்ன ஒன்றுமில்லாத பேச்சுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனே பயந்துபோய் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மாலை ஆறு மணிக்கு உலகம்மாள் வீட்டு வாசலிலேயே காத்து நின்றாள். சீட்டு வந்தது: 'குறை இல்லை.'

விஷயத்தைச் சொன்னபோது ஜெபமணி மிஸ் கதவைச் சாத்தினார். தும்பிக்குக் கேட்காதபடி குரலை மிகவும் தாழ்த்தினார்.

"கண்டுபிடிச்சுட்ட. சரி. உங்கப்பாட்ட போய்ச் சொல்லுவியா? எந்திரம் இல்ல, யாரோ மனுஷங்க பாக்காங்கன்னு தெரிஞ்சா, பதினெட்டுப் பேரையும் அன்னைக்கே வீட்ல உக்கார வச்சிருவாங்க. வாய மூடிக்கிட்டுப் பரீட்சைய எழுது."

உலகம்மாள் வாயை மூடிக்கொண்டாள். தேர்வு முடியும்வரை சிரிக்கவே இல்லை. தேறினாள்.

நிலவு வேலைக்கு ஆள் நிரம்பிவிட்டது. அவளுக்கும் ஆமினாவுக்கும் தென்காசியில், அதே நிறுவனத்திலேயே, 'வாசிப்பாளர்' வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே நிறுவனத்தார் அவர்கள் இருவரின் தும்பிகளையும் பிடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார்கள். ஊழியர்களுக்குத் தும்பி கிடையாதாம். தலைக்குமேல் அந்த ரீங்காரம் இல்லாதது உலகம்மாளுக்கு விசித்திரமாக இருந்தது.

பெரிய கூடம். நாற்பது பெண்கள், நாற்பது திரைகள். அவளுடைய திரையில் பதினெட்டு வகிடுகள் தெரிந்தன. தருமபுரிப் பக்கத்தில் ஏதோ ஒரு பயிற்சிக் கூடம். அந்தப் பெண்களை உச்சந்தலைக்கு அரை அடி மேலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இரண்டு பொத்தான்கள்: 'குறை இல்லை', 'சந்தேகம்'.

"அப்ப எந்திர மூளை?" என்று கேட்டாள்.

"எந்திரம் பறக்கும், அவ்வளவுதான்" என்றாள் மேற்பார்வை பார்க்கும் சண்முகவடிவு. "எது தப்புன்னு அதுக்கு என்ன தெரியும்? அதுக்குத்தான் நாம."

"இத்தன சந்தேகம் போடணும்னு எதுவும் இருக்காக்கா?"

"ஒண்ணும் கிடையாது. உனக்குத் தோணுனதப் போடு. யாரும் உன்ன கேக்க மாட்டாங்க."

உலகம்மாளுக்கு உயிர் வந்தது. தன் விரலால் ஒரு பெண்ணின் படிப்பும் நிற்காது என்று முடிவு செய்துகொண்டாள். ஒருத்தி சுவருக்குப் பின்னால் போய் போனில் கிசுகிசுத்தாள்; குறை இல்லை. இரண்டு பேர் வகுப்பைவிட்டு நழுவி நாவல் பழம் பொறுக்கினார்கள், குறை இல்லை.

"நீ வேலை பாக்கியா, வரம் குடுக்கியா?" என்று ஆமினா கேலி செய்தாள்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் இருந்தாள். யாரிடமும் பேசுவதில்லை. போனைத் தொடுவதில்லை. நேரத்துக்கு வந்தாள், பாடத்தை முடித்தாள், நேரே வீட்டுக்குப் போனாள். முதல் நாள் உலகம்மாளுக்கு அவளைப் பிடித்திருந்தது. இரண்டாம் நாள் அவளையே கொஞ்சம் அதிகமாகப் பார்த்தாள். மூன்றாம் நாள் மற்ற பதினேழு பேரையும் மறந்தாள். நான்காம் நாள் படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பெண்ணின் விரல்கள்வரை போனாள். விரல்கள் பாடத்தைத்தான் தட்டிக்கொண்டிருந்தன.

"ஏட்டி ஆமினா, இங்க வா. இவ நாலு நாளா ஒரு தப்பும் பண்ணல."

"நல்ல பிள்ளையா இருக்கும்."

"அப்படி ஒருத்தி இருப்பாளாட்டி? என்னமோ மறைக்கா."

பொத்தானை அழுத்தினாள். காரணம் என்ன என்று திரை கேட்டது. உலகம்மாள் யோசிக்கவே இல்லை. தட்டெழுதினாள்:

'இதுவரை ஒரு குறையும் தென்படவில்லை.'