மரமேறாத வான்கோழிகள்

அந்த வசந்தம் முழுக்க ஒரு வான்கோழிச் சேவல்கூட மரத்தின் மேலிருந்து கத்தவில்லை. மிசூரி மலைக்காட்டில் முப்பது வருஷமாக வேட்டையாடும் வெர்லாவுக்கு அதுதான் முதல் நெருடல். இரவில் உயரக் கிளைகளில் தூங்கி, விடியுமுன் அங்கிருந்தபடியே மலையை எழுப்புகிற பறவைகள் அவை. இந்த வருஷமோ அவற்றின் குரல் முட்புதருக்குள்ளிருந்து, தரையோடு தரையாக, அமுங்கி வந்தது.

ஊரில் வேறு யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இப்படியொரு வேட்டைப் பருவத்தைக் கண்டதில்லை என்று ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். அவளுடைய தம்பி டாயில் ஒரு பருவத்துக்கு அனுமதித்த இரண்டு சேவல்களையும் சுட்டு முடித்துவிட்டு, பருவத்தின் கடைசி நாளன்று வெறுங்கையோடு அவளுக்குத் துணையாக வந்தான்.

"அக்கா, கோழி கூப்பிடுற அந்தப் பெட்டிய ஏன் இன்னும் தூக்கிட்டு அலையற? கூப்பிடாமலே வருதுங்க. என்னோட ரெண்டாவது, பூட்ஸ் மேலயே ஏறி நின்னுச்சு."

"சேவல் அப்படி வராதுடா."

"வந்துச்சே! நல்லா கொழுத்தது வேற. உனக்கு வயித்தெரிச்சல்."

எதிர்ச் சரிவில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதாகச் சொல்லி, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

வெர்லா ஒரு பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து, துப்பாக்கியை முழங்காலில் தாங்கி உட்கார்ந்தாள். வெளிச்சம் மெல்லப் பரவியது. ஈர இலைமக்கின் வாசனையும், காட்டு வெங்காயத்தின் காரமும், அவற்றுக்கு அடியில் நனைந்த நாயின் மயிர்போல அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு நாற்றமும் சரிவில் தங்கி நின்றன. மரப்பெட்டியின் மூடியில் சுண்ணக்கட்டியைத் தடவி, அதைப் பெட்டியின் விளிம்பில் இழுத்து, பெட்டைக் குரலில் மூன்று முறை அழைத்தாள்.

உடனே ஒரு சேவல் வந்தது. வாலை விரிக்கவில்லை, மார்பை உப்பவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, துரத்தப்பட்டதுபோல ஓடி வந்தது. இருபதடி தூரத்தில் சுட்டாள். விழுந்தது.

அதன் பின்னால் வந்தவை சிதறி ஓடவில்லை.

வெடிச் சத்தத்தைக் கேட்காததுபோல, செத்துக் கிடந்ததை மிதித்துக்கொண்டு வந்தன. சேவல்களும் பெட்டைகளுமாய்ப் பத்து, பதினைந்து. அவள் பூட்ஸைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தன. ஒன்று அவள் தொடைக்கடியில் தலையைச் செருகியது. அதன் நெஞ்சு படபடப்பது கால்சட்டையைத் தாண்டித் தெரிந்தது.

பெட்டைக் குரலை நம்பி வரவில்லை. எதற்கோ பயந்து, மனுஷத் துணையைத் தேடி வந்திருக்கின்றன. வசந்தம் முழுக்க இப்படித்தான். நாங்கள்தான் சுட்டுக்கொண்டிருந்தோம்.

"டாயில்," என்றாள்.

எதிர்ச் சரிவில் அவன் எழுந்து நின்றிருந்தான். அவளைப் பார்க்கவில்லை, அவளுக்கு மேலே, மரத்தைப் பார்த்தான். பிளாஸ்க் கையிலிருந்து நழுவிக் கல்லில் மோதி உருண்டது. குனியவில்லை.

பறவைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. அவன் பார்த்த இடத்தையே பார்த்தன.

அவள் தொப்பியின் விளிம்பில் மரப்பட்டைத் தூள் விழுந்தது. கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம்.

"ஓடிருடா," என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

அவன் ஓடவில்லை. நாலு காலில் இறங்கி, சரிவு முழுக்கத் தவழ்ந்து வந்தான். ஊரிலேயே உரக்கப் பேசுகிற டாயில், நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் இரண்டு சேவல்களுக்கு நடுவே புகுந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை அவள் தொடைக்கடியில் செருகினான்.

"என்னடா பாத்த?"

அவள் தலைக்கு நேர் மேலே கிளை முனகியது. பறவைகளோடு பறவையாக, அவன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.