நடுச்சொல்

அன்று கைப்பேசி எழுதிய கவிதைக்கு அர்த்தம் இருந்தது.

மாலை வகுப்பு முடிந்து, பட்டர்வொர்த் போகும் ஃபெரியின் கடைசி வரிசையில், டீசல் வாடையும் உப்புக்காற்றும் முகத்தில் பிசுபிசுக்க, பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்ற கால்களைச் செருப்பிலிருந்து விடுவித்துக்கொண்டு சுஹானா வழக்கமான விளையாட்டைத் தொடங்கியிருந்தாள். ஒரு சொல்லை எழுத வேண்டும். பிறகு கைப்பேசி நீட்டும் மூன்று சொற்களில் நடுச்சொல்லையே தொட்டுக்கொண்டு போக வேண்டும். வருவதுதான் கவிதை. நேற்று, ‘நான் கோழி வாங்கி நாளை மழையிடம் அன்புடன்’ என்று வந்தது. சிரித்து வயிறு வலிக்கிறது என்று தங்கை இஸ்ஸதி வீட்டிலிருந்து பதில் போட்டாள்.

இன்று வந்தது இது:

நான் வந்துட்டேன்
கதவைத் திற
இங்கே ரொம்ப இருட்டு

முதல் இரண்டு வரிகள் தினமும் அவள் அனுப்புபவை. மூன்றாவதை எப்போதாவது எழுதியிருப்பாளா? இருக்கலாம். தன் நினைவை அவள் அவ்வளவாக நம்புவதில்லை. களைப்பில் கட்டைவிரல் அதை இஸ்ஸதிக்கு அனுப்பிவிட்டது.

பிறகுதான் உறைத்தது. உம்மாவுக்கு இரவு ஷிப்ட். இஸ்ஸதி தனியாக இருக்கிறாள். யார் தட்டினாலும் திறக்காதே, என் மெசேஜ் வந்தால் மட்டும் திற என்று சொல்லிவைத்தவளே சுஹானாதான்.

‘சும்மா, கவிதைதான்’ என்று எழுதி முடிப்பதற்குள் இஸ்ஸதியின் குரல் பதிவு வந்து விழுந்தது.

“என்ன ராத்தா, ஸலாம்கூட சொல்லாம நேரா ரூமுக்குப் போறே? லைட்டைப் போடு லா.”

ஜார்ஜ் டவுன் விளக்குகள் பின்னால் சிறுத்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் கறுத்த நீர். இயந்திரத்தின் அதிர்வு இருக்கை வழியாகப் பற்கள்வரை ஏறியது. அவள் அழைத்தாள்.

“ரூம்ல இருந்துகிட்டே கால் பண்றியா? எழுந்து வர அவ்ளோ சோம்பலா?”

“இஸ்ஸதி, நான் ஃபெரியில இருக்கேன். வந்தது நான் இல்ல. பக்கத்து வீட்டுக்கு ஓடு.”

“பயமுறுத்தாதே லா.”

“அல்லாவே, ஓடுடீ!”

போனில் மின்விசிறியின் கிரீச். வெறுங்கால்கள். தரையில். மெதுவாக.

பிறகு ஒரு குரல். களைத்த குரல். சுஹானாவின் குரல்.

“இஸ்ஸதி, யாரு போன்ல?”

“தெரியல ராத்தா,” என்றாள் இஸ்ஸதி. போனில் அல்ல, அந்தக் குரலிடம். “உன்னை மாதிரியே பேசுது.”

தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கம்.