வெந்நீர் சாட்சி

"மாமா...!"

அலறல் மூன்றாவது மாடியிலிருந்து வந்தது.

படியேறிக் கொண்டிருந்த மூட்டையின் கையிலிருந்து ரொட்டிப் பொட்டலம் நழுவி உருண்டது.

மூட்டை என்பது அவன் பெயரல்ல. நான்கு நாள் முன்பு, தலைக்கு மேல் உயர்ந்த பையை முதுகில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றவனுக்கு வீட்டுக்காரர் வைத்த பெயர்.

"வாடா மூட்டை! முதல்ல முதுகுல இருக்கறதை இறக்கு. அப்புறம் நீ இறங்கு!"

முன்பின் தெரியாதவனிடம் அவர் பேசிய முதல் பேச்சே அதுதான்.

அப்படி ஒரு மனிதர். ஓய்வு பெற்ற டிராம் டிரைவர். மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருடம். பிள்ளை இல்லை. காசில்லாமல் நாடு நாடாகச் சுற்ற வரும் பிள்ளைகளுக்கு அவர் வீட்டு முன்னறை சோபா எப்போதும் இலவசம். இரவுச் சாப்பாடும் இலவசம். பதிலுக்கு அவருடைய டிராம் கதைகளைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மூட்டைக்கும் ஒரு கொள்கை இருந்தது. சொந்த ஊரில் அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஓசியில் தங்கும் ஒவ்வொரு வீட்டிலும் கிளம்புவதற்குள் ஏதாவது ஒன்றைப் பழுது பார்த்துக் கொடுத்துவிடுவான்.

ஒரு வீடு, ஒரு ரிப்பேர்.

இந்த வீட்டில்... பாத்ரூம் கீசர்!

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினான்.

பாத்ரூம் வாசலில் நின்றிருந்தார் புரோக்கர். டிராம்காரருடைய அக்கா மகன். வீடு வாங்கி விற்பது அவர் தொழில். மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தார்.

"உள்ள வராதே! விஷ வாயு! அங்கேயே நில்லு!"

மூட்டை வாசலிலேயே உறைந்தான்.

ஈரத் தரையில் டிராம்காரர் மல்லாந்து கிடந்தார். இடுப்பில் துண்டு. கண்கள் பாதி திறந்து... உதடுகள் நீலம் பாரித்து...

"ஐயா...!"

"கூப்பிட்டா எழுந்திருப்பாரா? போயிட்டார்பா!" புரோக்கரின் குரல் உடைந்தது. "எட்டு மணிக்கு வந்தேன். பாத்ரூம் பூரா ஒரே ஆவி. வெந்நீர் கொதிக்கக் கொதிக்க ஓடிட்டிருக்கு. மூச்சை அடக்கிட்டு ஓடிப்போய் குழாயை மூடினேன். ஜன்னலைத் திறந்தேன். மேல பாரு!"

மூட்டை பார்த்தான்.

கீசரின் தலையிலிருந்து சுவர் ஓட்டைக்குப் போக வேண்டிய தகரக் குழாய், கழன்று தொங்கிக் கொண்டிருந்தது.

மூட்டை இரண்டடி பின்வாங்கினான்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் இந்த காஸ் கீசர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் ஓடுகிற வேகம் உள்ளே ஒரு ரப்பர் தட்டைத் தள்ளுகிறது. தட்டு நகர்ந்ததும் காஸ் திறக்கிறது. அதே நேரத்தில், அடியில் இருக்கும் இரண்டு தடித்த பேட்டரிகள் டிக்... டிக்... டிக்... என்று பொறி தட்டுகின்றன. குப்பென்று தீ! அந்தத் தீயைச் சுற்றி வளையும் செம்புக் குழாயில் ஓடுகிற தண்ணீர், சூடாகி நம் தலையில் விழுகிறது.

ரொம்ப நல்ல யந்திரம். ஒரே ஒரு நிபந்தனை. எரிந்த புகை வெளியே போயாக வேண்டும். அதற்குத்தான் அந்தத் தகரக் குழாய். அது கழன்றால் புகை அறைக்குள்ளேயே சுற்றும். அதில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிட்டால் தீர்ந்தது கதை. நிறம் கிடையாது. வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய சீட்டில் முன்கூட்டியே துண்டு போட்டு உட்கார்ந்துகொள்ளும். குளிக்கப் போனவர் தலை சுற்றி விழுவார். எழுந்திருக்க மாட்டார்.

நேற்று மாலை அந்தக் குழாயைக் கழற்றி, கரியைத் தேய்த்து, திரும்ப மாட்டியவன்... மூட்டை!

"குழாயைப் பிடிச்சு நிறுத்தற கிளாம்ப்பை இறுக்கினியா?" புரோக்கர் கேட்டார்.

"இறுக்கினேன்... இறுக்கினேன்னுதான்..."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நானும் இங்கேதானே இருந்தேன். மாமா சாப்பிடக் கூப்பிட்டார். நீ 'வந்துட்டேன், வந்துட்டேன்'னு கையைக் கூடச் சரியாக் கழுவாம ஓடி வந்தே."

உண்மைதான். சூப்பின் வாசனை அவனை இழுத்திருந்தது. காலையிலிருந்து அவன் சாப்பிட்டிருந்தது ஒரே ஒரு வாழைப்பழம்.

இறுக்கினேனா? இல்லையா?

ஞாபகம் வரவில்லை. வர மறுத்தது.

இன்று காலையாவது வீட்டில் இருந்திருக்கக் கூடாதா? எட்டு மணிக்குள் போனால் மணிக்கூண்டில் ஏற டிக்கெட் கிடையாது. அந்த ஓசிக்காக ஐந்தரைக்கே கிளம்பிப் போனான். டிராம்காரர் தினமும் ஏழு மணிக்குக் குளிப்பவர். மணிக்கூண்டு உச்சியில் நின்று அவன் போட்டோ எடுத்துக் கொண்டிருந்தபோது... கீழே இங்கே...

"நான்... நான் கொன்னுட்டேன் சார்."

"சத்தம் போடாதே!" புரோக்கர் அவன் தோளில் கை வைத்தார். "போலீசுக்கு ஃபோன் பண்ணிட்டேன். இன்னும் பத்து நிமிஷம். வெளிநாட்டுக்காரன், லைசென்ஸ் இல்லாம காஸ் வேலை பார்த்திருக்கே. பத்து வருஷம் உள்ள தள்ளுவாங்க. உன்னை நம்பி வீட்ல யார் இருக்கா?"

"அம்மா... தங்கச்சி..."

"அப்போ கிளம்பு. பஸ் ஸ்டாண்டுக்குப் போ. எல்லையைத் தாண்டு. நான் எதுவும் சொல்ல மாட்டேன். மாமா உன்னைப் பிள்ளை மாதிரி வச்சிருந்தார்பா. உன்னை ஜெயிலுக்கு அனுப்பினா அவர் ஆத்மா என்னை மன்னிக்காது."

சொன்னதோடு நிற்கவில்லை. சோபா பக்கத்திலிருந்த பையைத் தூக்கி, அவரே மூட்டையின் முதுகில் மாட்டிவிட்டார். வாரைக்கூட இழுத்துச் சரி செய்தார்.

இந்த ஊரில்தான் எத்தனை நல்லவர்கள்!

அழுதுகொண்டே படியிறங்கினான் மூட்டை. சிதறிக் கிடந்த ரொட்டிகளைத் தாண்டி... டிராம்காரருக்காக வாங்கிய ரொட்டிகளைத் தாண்டி...

*

பஸ் ஸ்டாண்ட். ஒன்பதே முக்கால்.

மூட்டை வரிசையின் கடைசியில் நின்றான். சைரன் சத்தம் கேட்கும் போதெல்லாம் கழுத்து தானாகப் பைக்குள் புதைந்தது.

நேற்றைய சாப்பாட்டு மேஜை கண்ணுக்குள்ளேயே நின்றது.

"நாளைக்கு வக்கீல் வர்றார்டா மூட்டை," என்றார் டிராம்காரர், சூப்பை ஊற்றியபடி. "இந்த வீட்டை ஒரு டிரஸ்ட்டுக்கு எழுதப் போறேன். எனக்கப்புறமும் உன்னை மாதிரி மூட்டைங்க வந்து இறங்க ஒரு சோபா வேணும்ல?"

"பிரமாதமான யோசனை மாமா," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த புரோக்கர். சூப்பைத் தொடவில்லை.

"அவனுக்கு உப்பு பத்தலை போல," என்று சிரித்தார் டிராம்காரர்.

அந்தச் சிரிப்பு... அதை நான்...

"யாருகிட்டயாவது டார்ச் இருக்கா?"

மூட்டை திடுக்கிட்டான்.

பஸ்ஸின் வயிற்றுக்குள், சாமான் அறைக்குள், டிரைவர் தலையை விட்டிருந்தார். "உள்ள விளக்கு எரியல. யார் பெட்டியோ உருண்டு உள்ள போய் மாட்டிக்கிச்சு. டார்ச் இல்லாம எடுக்க முடியாது. ஏம்ப்பா, இவ்ளோ பெரிய பை வச்சிருக்கே, உன்கிட்ட இல்லையா?"

மூட்டை பையின் பக்கவாட்டில் கை விட்டான். டார்ச்சை எடுத்தான். பட்டனைத் தட்டினான்.

பளீர்!

"அடேங்கப்பா! கார் ஹெட்லைட் கணக்கா அடிக்குது!" என்றார் டிரைவர். "பேட்டரி புதுசா?"



மூட்டை டார்ச்சையே வெறித்தான்.

பேட்டரி...

அந்த டார்ச் மூன்று நாளாகச் செத்துக் கிடந்தது. காசு போட்டு வாங்க மனசில்லை. நேற்று கீசரைச் சரி செய்து, எரிய விட்டு, டிராம்காரரிடம் சபாஷும் வாங்கியாயிற்று. சாப்பிட்டு முடித்து, அவர் பாத்திரம் கழுவிக் கொண்டிருந்தபோது, மூட்டை மெல்ல பாத்ரூமுக்குள் போனான். கீசரின் அடி மூடியைத் திறந்தான். அதிலிருந்த இரண்டு நல்ல பேட்டரிகளை டார்ச்சுக்கு எடுத்துக்கொண்டான். டார்ச்சிலிருந்த செத்த பேட்டரிகளை கீசருக்குள் போட்டான்.

வெட்கக்கேடான வேலை. சோறு போட்ட வீட்டிலேயே திருட்டு! காலையில் ரொட்டியோடு புது பேட்டரியும் வாங்கிவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ரொட்டி வாங்கினான். பேட்டரியை மறந்தான். மறந்தானா... மறந்தது போல இருந்தானா...

இப்போது அது முக்கியமில்லை.

பேட்டரி செத்திருந்தால் பொறி இல்லை. பொறி இல்லாவிட்டால் தீ இல்லை. தீ இல்லாவிட்டால் புகை இல்லை. கிளாம்ப்பை அவன் இறுக்கினால் என்ன, இறுக்காவிட்டால்தான் என்ன?

அப்படியானால்... வெந்நீர் எப்படி ஓடியது?

ஆவி எங்கிருந்து வந்தது?

"ஏம்ப்பா, பையை உள்ள போடு. பஸ் கிளம்புது!"

மூட்டை பஸ்ஸைப் பார்த்தான். ஏறினால் சாயங்காலம் வேறொரு நாடு. திரும்பிப் போனால், திருடினேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் காஸைத் தொட்டதையும் சொல்ல வேண்டும். நம்புவார்களா? கொலைகாரன் என்று விலங்கு மாட்டினால்?

'முதுகுல இருக்கறதை இறக்கு மூட்டை...'

"நான் வரல," என்றான்.

*

வீட்டு வாசலிலேயே ஒரு கான்ஸ்டபிள் அவன் காலரைப் பிடித்தார்.

"இவன்தான் மேடம்! அவர் சொன்ன அடையாளம். மூட்டையும் முதுகுமா!"

முன்னறை சோபாவில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் எழுதி முடித்த வாக்குமூலம். எதிரே புரோக்கர். மூட்டையைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி செத்தது. அடுத்த நொடி கொதித்தது.

"இவன்தான்! ஓடிப் போனவன்! எங்க மாமாவைக் கொன்ன பாவி!"

நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்றவர்!

"நானே பிடிக்க ஆள் அனுப்பினேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீயே வந்துட்டே. என்ன, பஸ்ஸை விட்டுட்டியா?"

"ஒண்ணு திருடிட்டேன் மேடம். அதைச் சொல்ல வந்தேன்."

"திருட்டா? இங்க கொலை விசாரணை நடக்குதுப்பா. வரிசையில வா."

மூட்டை டார்ச்சைத் திறந்தான். இரண்டு பேட்டரிகளை மேஜையில் வைத்தான்.

"இது கீசர்ல இருந்தது. இப்போ கீசர்ல இருக்கறது என்னோடது. செத்தது. நான் மெக்கானிக் மேடம். பேட்டரி வாங்கின தேதியை அது மேலயே பேனாவால எழுதி வைப்பேன். திறந்து பாருங்க."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"கான்ஸ்டபிள், காஸ் மூடியிருக்கா? சரி. மூடியே இருக்கட்டும். தண்ணியை மட்டும் திற. பொறி வருதா பாரு."

பாத்ரூமில் தண்ணீர் கொட்டும் சத்தம்.

டிக் இல்லை.

ஒரு டிக் கூட இல்லை!

"செத்துக் கிடக்கு மேடம்!" உள்ளிருந்து கான்ஸ்டபிள் கத்தினார். "பேட்டரி மேல பேனாவுல தேதியும் இருக்கு!"

புரோக்கர் துள்ளி எழுந்தார். "இவன் காலையில மாத்தியிருப்பான்! நாடகம்!"

"எப்போ?" இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் புரட்டினார். "உங்க வாக்குமூலம். 'அவனை பாத்ரூமுக்குள்ள விடவே இல்லை. வாசலோட நிறுத்திட்டேன்.' கீழே உங்க கையெழுத்து. அழகான கையெழுத்து. அதுக்கு மேல இன்னொரு வரி. 'வெந்நீர் கொதிக்கக் கொதிக்க ஓடிட்டிருந்தது. ஒரே ஆவி.' எந்த அடுப்புல கொதிக்க வச்சீங்க சார்?"

"அது... வந்து... எனக்கு அப்படித் தோணிச்சு..."

"எனக்கும் ஒண்ணு தோணிச்சு. கார்பன் மோனாக்சைடுல செத்தவங்க உடம்பு பெரும்பாலும் செக்கச்செவேல்னு இருக்கும். உங்க மாமா உதடு நீலமா இருந்தது. டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். உள் உதட்டுல பல் பதிஞ்ச காயம். தலையணையை வச்சு அழுத்தினாத்தான் அப்படி வரும். சந்தேகம் அப்பவே வந்துடுச்சு. உங்க ஆவிக் கதையை உடைக்கத்தான் ஆள் இல்லாம இருந்தது."

புரோக்கர் நாற்காலியில் சரிந்தார்.

"எல்லாம் பண்ணீங்களே, குழாயைக் கழட்டினதும் கீசரைப் பத்த வச்சுப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பத்த வச்சா..." புரோக்கரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "புகை என்னையும் கொன்னுடுமேன்னு பயமா இருந்தது..."

*

அவரை இழுத்துக்கொண்டு போன பிறகு மூட்டை அந்தச் சோபாவில் போய் உட்கார்ந்தான்.

"என்னப்பா? நீ கொலைகாரன் இல்ல. முகத்துல கொஞ்சமாவது வெளிச்சம் வர வேணாமா?"

"நான் மணிக்கூண்டுக்குப் போகாம இருந்திருந்தா அவர் உயிரோட இருந்திருப்பார் மேடம்." அவன் தரையைப் பார்த்தே பேசினான். "அவர் குளிக்கப் போயிருந்தாலும் பச்சைத் தண்ணிதான் வந்திருக்கும். நாலு நாள் சோறு போட்டவருக்கு நான் பண்ணி வச்ச உபகாரம் அதுதான்."

இன்ஸ்பெக்டர் மேஜைப் பக்கம் திரும்பினார். இரண்டு பேட்டரிகளையும் ஒரு உறையில் போட்டு ஒட்டினார்.

"இது சாட்சி. நீயும் சாட்சி. கேஸ் முடியற வரைக்கும் ஊரை விட்டு நகரக் கூடாது."

"எங்கே தங்கறது மேடம்? கையில காசு இல்ல. இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"ஸ்டேஷன் பின்னாடி ஒரு ரூம் காலியா இருக்கு. வாடகை கிடையாது. டீ உண்டு. ஃப்ரிட்ஜ் ஒண்ணு ஆறு மாசமா ஓடல."

மூட்டை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "நான் சரி பண்ணிடறேன் மேடம்."

"பண்ணு. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ... எங்க ஸ்டேஷன் சுவர்க் கடிகாரத்துக்குப் போன வாரம்தான் புது பேட்டரி போட்டிருக்கேன். அது எந்த நிமிஷம் நின்னாலும் முதல் குற்றவாளி நீதான்!"