ஹபிரீஸின் விளக்கு

பதினேழு குளிர்காலம். கடைசி ஒரு காலை நீங்கலாக, என் டீசல் எஞ்சினுக்கு அடியில் நான் நெருப்பே வைத்ததில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்வேன். ஒரு தும்மல் போடுவேன். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வெளியே மைனஸ் ஐம்பத்தைந்து டிகிரி குளிர் என்றாலும் அப்படித்தான், அறுபத்திரண்டு என்றாலும் அப்படித்தான். ஒருமுறை நான் தும்மியது பக்கத்து வண்டிக்கும் கேட்டு, அதுவும் பிடித்துக்கொண்டது.

சிரியுங்கள், பரவாயில்லை. எங்கள் வடகோடி இந்திகிர்கா ஆற்றங்கரையில் இதைக் கேட்டவர்கள் சிரிக்கவில்லை, வயிறெரிந்தார்கள். தெர்மாமீட்டரில் பாதரசமே கல்லாகிப்போகும் ஊர் எங்களுடையது. என் மைத்துனன் ஒருவன் வாசலில் நின்று கொட்டாவி விட்டான். மார்ச் மாதம்தான் வாயை மூடினான். அந்தக் குளிரில் டீசல் களியாகும், எஞ்சின் ஆயில் தாராகும், டயர் ரொட்டியைப் போல் விண்டுபோகும். அதனால் அக்டோபரில் கிளப்பிய எஞ்சினை ஏப்ரலில்தான் அணைப்போம். ஓட்டுநர் சாப்பிடலாம், தூங்கலாம், நேரமிருந்தால் கல்யாணமும் செய்துகொள்ளலாம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

அணைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. ஆயிலைச் சூடாக இருக்கும்போதே டின்னில் இறக்கி, பச்சைப் பிள்ளையைப் போல அடுப்பருகே கிடத்த வேண்டும். பேட்டரி கட்டிலுக்கு அடியில். காலையில் ஆயிலைக் காய்ச்சி ஊற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பெட்ரோல் ஊதுவிளக்கின் நீலச் சுடரை எஞ்சினின் அடிவயிற்றில் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம், மூன்றும் ஆகலாம்.

எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்றும் உண்டு. இரண்டு வண்டி ஓரிடத்தில் தங்கினால், முதலில் விழிப்பவன் இரண்டுக்கும் சூடேற்ற வேண்டும்.

அதை ஒருமுறை நான் மீறினேன்.

ஹபிரீஸ் என் கூட்டாளி. கரடி உடம்பு, குழந்தைத் தூக்கம். நான் அளக்கும்போதெல்லாம், "டேய் தெரேந்தி, பாதியை இங்கயே இறக்கி வச்சிட்டு வாடா, வண்டி பாரம் தாங்காது" என்பான். அந்த வருடக் கடைசியில் சார்தாங் கிராமத்துக்கு நாங்கள் இருவரும் புத்தாண்டு ஆரஞ்சும் ஆப்பிளும் ஏற்றிப் போனோம். முதலில் வந்து சேரும் லாரியை ஊரே கூடி வரவேற்கும். கிழவிகள்கூட முத்தம் கொடுப்பார்கள். விருந்து மேசையின் தலைமாட்டு நாற்காலி அந்த ஓட்டுநருக்குத்தான். முந்தைய இரண்டு வருடமும் அதில் ஹபிரீஸ் உட்கார்ந்தான். இந்த வருடம் நான்தான் என்று டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

கணவாய் அடிவாரத்தில் ஒரு மரக்குடிசை. இரவு அங்கே தங்கினோம். டீசல் தட்டுப்பாடு, இரண்டு எஞ்சினையும் அணைத்தோம். என் ஊதுவிளக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இருவருக்கும் சேர்த்து அவன் விளக்கு ஒன்றுதான். பெட்ரோல் டின் என் வண்டியில்.

ஆறு மணிக்கு நான்தான் முதலில் விழித்தேன்.

என் ஆயிலை மட்டும் காய்ச்சினேன். அவன் விளக்கை எடுத்துப்போய் என் எஞ்சினை மட்டும் சூடாக்கினேன். விளக்கு காலியானதும் கொண்டுவந்து, குடிசைச் சுவரில் அது தொங்கிய ஆணியிலேயே மாட்டினேன். பெட்ரோல் டின் என் வண்டியிலேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. எழுந்திருப்பான், என் பரம்பரையையே திட்டுவான், விறகை மூட்டி எப்படியோ கிளப்பிக்கொண்டு மூன்று மணி நேரம் பிந்தி வருவான். அவ்வளவுதான் நினைத்தேன்.

என் எஞ்சின் சத்தம் கேட்டு அவன் ஜன்னலுக்கு வந்தான். பனி படிந்த கண்ணாடியை உள்ளங்கையால் தேய்த்து முகத்தைக் காட்டினான். தன் வண்டியைக் கைநீட்டிக் காட்டினான். அதுவும் ஆச்சா என்று கேட்கிறான்.

நான் தலையாட்டினேன்.

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான், டீ போட.

சார்தாங்கில் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். குதிரை விலாவும் உறைந்த மீன் சீவலும் வந்துகொண்டே இருந்தன. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். விறகு மூட்டிக் கிளப்பியிருக்கிறான், கணவாய் உச்சியில் டீசல் குழாய் உறைந்து வண்டி நின்றிருக்கிறது. அதை இளக்க ஊதுவிளக்கு வேண்டும். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். காலி விளக்கு இரண்டு கைகளுக்குள். கம்பளி பூட்ஸ் போட்ட பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தனவாம்.

"நான் ரெண்டு வண்டிக்கும் வச்சிட்டுத்தான் வந்தேன். விளக்கையும் ரொப்பி மாட்டினேன்" என்றேன்.

நம்பினார்கள். நிறைந்த விளக்கை வீணாக எரித்துத் தீர்த்துவிட்டான் என்று பழியை அவன்மேலேயே போட்டார்கள். அன்றுமுதல் எங்கள் பக்கம் உதவாத பொருளுக்கெல்லாம் 'ஹபிரீஸ் விளக்கு' என்று பெயர். பூட்டில் நுழையாத சாவி ஹபிரீஸ் விளக்கு. வேலைக்குப் போகாத மருமகன் ஹபிரீஸ் விளக்கு. அவன் தங்கை உலியானா எங்கள் டிப்போவில் மெக்கானிக். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் கையிலிருக்கும் ஸ்பானரை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பாள்.

அடுத்த நவம்பரில் அதே குடிசை. நான் தனியாக.

காலையில் விளக்கை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். பனிமூட்டம் பால்போல நின்றது. மூச்சு விட்டால் அது உறைந்து சரசரவென்று உதிரும் சத்தம் கேட்கும் குளிர். அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

பெட்ரோல் எரியும் வாடை. வண்டிக்கு அடியில் நீல வெளிச்சம் நடுங்கியது. வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கம்பளி பூட்ஸ்.

"யாருப்பா அது?" என்றேன்.

சத்தம் நின்றது.

குனிந்து பார்த்தேன். ஆள் இல்லை. வந்த தடமில்லை, போன தடமில்லை. மல்லாந்து படுத்த ஓர் ஆளின் அளவுக்குப் பனி அழுந்திக் கிடந்தது. எஞ்சினின் அடிவயிறு கொதித்துக்கொண்டிருந்தது.

பழிவாங்க வந்திருந்தால் ஓடியிருப்பேன். கழுத்தை நெரித்திருந்தால் அப்பாடா என்றிருப்பேன். அவன் வந்தது எனக்குச் சூடேற்றி வைக்க.

விரட்டாமல் விடவில்லை. ஆவியைச் சாந்தப்படுத்தும் எங்கள் ஊர் வழக்கப்படி நெருப்புக்கு வெண்ணெய் தடவிய அப்பம் போட்டேன். நெருப்புக்கே அஜீரணம் ஆகும் அளவுக்குப் போட்டேன். கணவாய் மரத்தில் குதிரைமுடியும் துணியும் கட்டினேன். நான் கட்டியதன் பாரத்தில் மரம் ஒரு பக்கம் சாய்ந்தது. வண்டியை மாற்றினேன். எந்த வண்டியை எங்கே அணைத்தாலும், காலையில் அந்த ஸ்ஸ்ஸ். அந்தப் பாதங்கள். குனிந்தால் யாருமில்லை.

பிறகு, இதைச் சொல்லத்தான் கூசுகிறது, பழகிவிட்டது. எல்லோரும் இரவெல்லாம் எஞ்சினை ஓடவிட, நான் அணைத்துவிட்டுத் தூங்கினேன். டீசல் மிச்சம் பிடித்த வீரன் என்று டிப்போ சுவரில் என் படத்தை மாட்டினார்கள். எப்படி என்று கேட்டவர்களுக்குத் தும்மல் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லத் தும்மல் வளர்ந்தது.

நம்பாத ஒரே ஆள் உலியானா.

"தெரேந்தி அண்ணே, இரும்புக்குக் காது கிடையாது. எங்கயோ திருட்டு ஹீட்டர் ஒளிச்சு வச்சிருக்க" என்பாள். இரண்டு முறை என் எஞ்சினைக் கழற்றிப் போட்டுத் தேடினாள். கையில் திருகிப் பார்க்க முடியாத எதையும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். பேய், சாமி, வானிலை அறிக்கை மூன்றும் அவளுக்கு ஒன்று.

பதினேழாம் குளிர்காலம். ஓய்வுக்கு முந்தைய என் கடைசி நடை. இரண்டாவது வண்டி ஓட்டுநர் காலை உடைத்துக்கொண்டதால் அதை உலியானா ஓட்டி வந்தாள். அதே குடிசையில் நின்றோம்.

"அணை" என்றாள். "ரெண்டையும் அணைப்போம். உன் தும்மலைப் பார்த்துடலாம்."

ஆயில் டின் இரண்டையும் அடுப்பருகே வைத்தாள். ஊதுவிளக்கு இரண்டையும் தன் தலைமாட்டில் வைத்தாள். கதவுக்குத் தாழ் போட்டு, அதன்மேல் சாய்ந்தே தூங்கினாள்.

காலை எட்டு மணி. ஜன்னல் சாம்பல் நிறமானது. அடுப்பில் விறகு சரிந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்.

உலியானா கண்ணைத் திறந்தாள். தலைமாட்டைத் தடவினாள். விளக்கு இரண்டும் அங்கேயே இருந்தன.

"வெளிய யாரு?" குரல் கிசுகிசுப்பாக வந்தது.

நான் சரிந்த விறகை அடுப்புக்குள் தள்ளினேன்.

"அண்ணே. யாரு அது?"

"உங்கண்ணன்."

"காலங்காத்தால விளையாடாத."

"விளையாடல, உலியானா. அன்னிக்கு நான் அவன் வண்டிக்கு வைக்கல. விளக்குல இருந்ததை நானே எரிச்சுத் தீர்த்தேன். பெட்ரோல் டின்னும் என் வண்டியிலதான் இருந்துச்சு. அதுவும் ஆச்சான்னு ஜன்னல்ல நின்னு கேட்டான். ஆச்சுன்னு தலையாட்டினேன்."

வெளியே சுடர் சீறிக்கொண்டே இருந்தது.

"எதுக்கு?" என்றாள்.

"முதல்ல போய்ச் சேர."

அறைந்திருக்கலாம். அவள் தாழை எடுத்துவிட்டு வெளியே போனாள். நான் வாசல்வரைதான் போனேன். மூட்டத்தில் நீல வெளிச்சம். இரண்டு பாதங்கள்.

என் வண்டிக்கு அடியில் இல்லை. அவள் வண்டிக்கு அடியில்.

அவள் நடக்க நடக்க வெளிச்சம் அணைந்தது. வண்டிக்கு அடியில் ஊர்ந்தாள். கையுறையைக் கழற்றுவது தெரிந்தது.

"ஏய், வெறுங்கையால தொடாதே! தோல் ஒட்டிக்கும்!" கத்தினேன். அந்தக் குளிரில் இரும்பைத் தொட்டால் உள்ளங்கைத் தோல் இரும்போடு போய்விடும்.

அவள் தொட்டாள். எடுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதைப் போல.

வெளியே வந்தபோது கையில் கரி இருந்தது. ஆயிலையும் பேட்டரியையும் கொண்டுபோய்ப் போட்டு சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. நான் என் வண்டிக்கு ஓடினேன். அதன் அடிவயிறு முழுக்க வெள்ளைப் பனி பூத்திருந்தது.

பதினேழு வருடத்துக்குப் பிறகு வண்டிக்கு அடியில் மல்லாந்தேன். விளக்கைப் பிடித்தேன். மூன்று மணி நேரம். அவள் வந்து ஒரு கை கொடுக்கவில்லை. கிளம்பியும் போகவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிக்கு வெளியே எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு மிதி மிதித்தால் போய்விடலாம். நொடிக்கொரு தரம் தலையைத் திருப்பி அவள் சக்கரங்களைப் பார்த்தேன். அவை நகரவில்லை.

என் எஞ்சின் பிடித்ததும் ஜன்னலை இறக்கினாள்.

"கேன்டீன்ல, எல்லார் முன்னாடியும் சொல்லு."

நான்கு நாள் கழித்து டிப்போ கேன்டீனில் எனக்கு வழியனுப்பு விருந்து. நாற்பது ஓட்டுநர்கள். "தும்மல் கதை, தும்மல் கதை!" என்று மேசையைத் தட்டினார்கள். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். காலி விளக்கு, டின், ஜன்னல், தலையாட்டியது, பாதங்கள், எல்லாம். ஓர் அங்குலம்கூட நீட்டவில்லை.

கேன்டீன் கூரை பறக்கச் சிரித்தார்கள்.

"அடேங்கப்பா!" கிழட்டு ஓட்டுநர் போத்தூர் கண்ணைத் துடைத்தான். "தும்மல் பழசாயிடுச்சுன்னு இப்ப பேயைக் கொண்டாந்துட்டான்யா!"

"பொய் சொன்னது நான்டா! அவன்மேல தப்பே இல்ல!"

"ஆமா, ஆமா. செத்தவனை வச்சும் கதை அளக்கிறியே, வாயை மூடு. பேய் வந்து சூடேத்துச்சாம்! பேய் பொய்யின்னா மத்ததும் பொய்தானே? ஹபிரீஸ் விளக்கு மாதிரி வெறும் புகை!"

மறுபடியும் சிரிப்பு. நான் சத்தியம் செய்யச் செய்யச் சிரிப்பு ஏறியது. நாற்பது வருடம் அளந்தவன் ஒருநாள் நிறுத்துப் போட்டால் யார் வாங்குவார்கள்? பேயை விட்டுவிட்டுச் சொல்லலாம் என்றால், பதினேழு வருடம் என் எஞ்சின் எப்படிக் கிளம்பியது என்று கேட்பார்கள். நான் போய்விடுவேன். அவன் பெயர் இந்த ஊரில் உதவாத விளக்காகவே நின்றுவிடும்.

போத்தூர் அடுப்போரம் திரும்பினான். "உலியானா, நீதான் இவன்கூடப் போன. பேயும் பிசாசும் கிடையாதுன்னு எங்க வாயை அடைக்கிறவ நீ. சொல்லு தாயி, இந்தக் கிழவன் சொல்றது நடந்துச்சா?"

அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்தாள். அந்த நாற்பது பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"நடந்துச்சு" என்றாள். "இன்னிக்குக் காலையிலயும் என் வண்டிக்கு அடியில நடந்துச்சு."